மூன்றாவது குறை

வண்டியை விற்கும்போது ரிஸ்ஸானென்
சாவியோடு ஒரு மின்கட்டண ரசீதும் தந்தார்.
பின்பக்கத்தில், பென்சிலில், ஏழு குறைகள்.
மூன்றாவதை மட்டும்
தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி
அடித்திருந்தார்.

"ஓடும்," என்றார். "மற்றதெல்லாம் பேச்சு."

தொண்ணூற்றொன்றில் பிறந்த சிவப்பு மாஸ்டா.
இரண்டே இருக்கை, துணிக்கூரை,
முழங்கால் உயரத்தில் ஒரு திமிர்.
கோட்கா துறைமுகத்தின் உப்புக்காற்று
சக்கர வளைவுகளை ஏற்கெனவே
கொஞ்சம் தின்று பார்த்திருந்தது.

ஒன்று: இடது விளக்கு எழாது.
பொத்தானை அழுத்தினால் வலது கண் மட்டும் விழிக்கும்.
எதிரே வரும் லாரிக்காரர்களுக்கெல்லாம்
நான் கண்ணடிப்பதாக நினைப்பு;
ஒருவர் ஹாரனில் பதிலும் சொன்னார்.

கழற்றினேன். மோட்டாருக்குள்
சின்ன நைலான் சக்கரம், நான்கு பல் மொட்டை.
சிரிப்பு வந்தது.
பல் கட்டுவதுதானே என் பிழைப்பு!
மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்து
இந்த ஊரின் கடைவாய்களை
இருபது வருடமாக நிரப்பித் தருகிறேன்.
எல்லோரும் போன பிறகு, ஆய்வுக்கூடத்தில்,
மெழுகு வைத்து, அச்செடுத்து, பிசின் ஊற்றி
நான்கு பல் கட்டினேன்.
பழக்கதோஷம், நிறம்கூடப் பொருத்தினேன்:
காபி குடிப்பவரின் மங்கல் மஞ்சள்.

இரண்டு: திருப்பத்தில்
வண்டிக்குள் யாரோ தண்ணீரில் நடப்பார்கள்.
கூரை நீர் இறங்கும் குழாயைக்
கிட்டார் தந்தி விட்டுக் குடைந்தேன்.
பிர்ச் விதைகள், பைன் ஊசிகள்,
பிறகு ஒரு முழு இலையுதிர்காலம்
பழுப்பாய் என் காலணியில் கொட்டியது.
பக்கத்துக் கொட்டகை இல்போ எட்டிப் பார்த்து
"மீன்பிடி உரிமம் வாங்கிவிட்டாயா, மெர்வி?" என்றான்.

நான்கு, கடிகாரம்.
விட்டுப்போன ஈயப்பற்றைச் சூட்டுக்கோலால் தொட்டதும் ஓடியது,
யாருடைய அவசரமோ, ஐந்து நிமிடம் முந்தி.
ஐந்து: காலையில் இரண்டாம் கியர் முறுக்கிக்கொள்ளும்.
எண்ணெய் மாற்றினேன்.
இப்போதும் முறுக்கிக்கொள்கிறது,
ஆனால் மரியாதையாக.
ஆறும் ஏழும் சொல்லும்படி இல்லை,
ஒரு ஸ்க்ரூ, ஒரு பசை.

மே மாதம் சாலை மணலைப் பெருக்கி முடித்ததும்
கூரையை மடித்துக்கொண்டு ஹாமினா பக்கம் போனேன்.
தார் பெயர்ந்த இடத்தில்
வலது காதுக்குப் பின்னால்
டக்.
கொஞ்சம் விட்டு, டக்.
அறுபதில் கேட்கும். எண்பதில் கேட்காது.
நிறுத்தி இறங்கினால்
நிரபராதி மாதிரி நிற்கும் வண்டி.

கதவுப் பூட்டா, கூரைக்கம்பியா, ஸ்டெப்னியா,
மூன்று ஞாயிறு போயிற்று.
ரசீதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
கிழிசல் வழியே
எதிர்வீட்டுச் சைக்கிள்தான் தெரிந்தது.

கடைசியில் அழைத்தேன்.
ரிஸ்ஸானென் நெடுநேரம் பேசவில்லை.
அவர் பின்னால் ரேடியோ
கடல்காற்றின் வேகம் வாசித்துக்கொண்டிருந்தது.

"பக்கத்து இருக்கை பெல்ட்டின் கொக்கி," என்றார்.
"பின்னால் பிளாஸ்டிக்கில் இடிக்கும்.
ஆள் உட்கார்ந்து மாட்டிக்கொண்டால் இடிக்காது.
காரினா வந்த பதினேழு வருடமும்
இடித்ததே இல்லை.
அது வண்டியின் குறைதானா என்று
எனக்குத் தீர்மானமில்லை.
அதனால் அடித்துவிட்டேன்."

நன்றி சொன்னேன்.
இரண்டாம் கியர் எப்படி என்று கேட்டார்.
மரியாதையாக இருக்கிறது என்றேன்.

சனிக்கிழமை சந்தையில்
பத்துக் கிலோ உருளைக்கிழங்கு வாங்கி
பக்கத்தில் உட்காரவைத்து
பெல்ட் மாட்டினேன்.
கார்ஹுலா வரை ஒரு சத்தமில்லை.
அவர் சொன்னது சரி.

அன்றிரவே கொக்கிக்குப் பின்னால்
ஒரு அங்குலக் கம்பளித்துணி ஒட்டினேன்.
என் வண்டி, என் காது.

ரசீதில் ஒவ்வொன்றுக்கும் நேராக
சரி, சரி என்று குறித்துக்கொண்டு வந்து
மூன்றில் பென்சில் நின்றது.
என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
எழுந்துபோய்
உருளைக்கிழங்கை வேகவைத்தேன்.